உள்துணி

நூற்று நாற்பது கோட்டுகள் வந்து இறங்கின,
கடை மடிப்பு கலையாமல்.
நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு போருக்கு
அவற்றை அனுப்பிவிட்டு
திங்கட்கிழமைக்குள் திரும்ப வாங்குவது
என் வேலை.

நோவி சாத் நகருக்கு வெளியே
மூடிக் கிடக்கும் சர்க்கரை ஆலையில் பட்டறை.
முழங்கைக்குத் துருவி,
வீட்டில் பாலாடைக்கட்டி துருவுகிற அதே துருவி.
காலருக்குத் தேயிலைச் சாயம்.
அக்குளுக்கு உப்புக்கரைசல்,
காய்ந்ததும் வெள்ளைக் கோடு விடும்.
ரத்தம் பீப்பாயில் வரும்.
இனிப்பு என்பதால் குளவிகள் மொய்க்கும்.

இயக்குநர் வெல்கோ வந்து பார்த்தார்.
"சேறு இடுப்புவரை போதும், ஸ்லாவித்ஸா.
முகத்திலும் அப்பிவிட்டால்
சாகிறவன் யாரென்று எப்படித் தெரியும்?"
நியாயம்தான்.
டிக்கெட் வாங்கியவருக்கு ஒரு முகம் வேண்டும்.

தம்பி ராதோவனிடம் கேட்டேன்.
தொண்ணூற்றொன்றின் இலையுதிர்காலத்தில்
சோளக்கொல்லை நடுவே ஏழு வாரம் கிடந்தவன்.
படத்துக்கு உதவுகிற மாதிரி
ஏதாவது சொல்லேன்.

பல்வலி, என்றான்.
கொஞ்சம் யோசித்து,
பூட்ஸ் நாற்பத்து மூன்று, என் கால் நாற்பத்தொன்று.
அப்புறம், மலச்சிக்கல்.
அப்புறம், பக்கத்துக் குழியில் ஒருவன்
ராத்திரி முழுக்கக் கணக்குப் போடுவான்,
வீட்டில் பன்றிக்கு
இந்நேரம் எத்தனை கிலோ ஏறியிருக்கும் என்று.

செத்தானா?

யாரு, பன்றியா?

வேறொரு நாள், முட்டை உரித்துக்கொண்டே,
கேட்காமலே சொன்னான்.
கோட்டின் இடப்பக்கப் பையில் ஓட்டை.
ரொட்டித் துண்டு உள்துணிக்குள் இறங்கிவிடும்.
இருட்டில், மரத்துப்போன விரலோடு
முதுகுவரை துழாவ வேண்டும்.
சுட்டார்கள், சுட்டோம், அதெல்லாம் கொஞ்ச நேரம்தான்.
துழாவினதுதான் அதிகம்.

அன்றிரவு
நூற்று நாற்பது கோட்டுகளிலும்
இடப்பக்கப் பையை அறுத்தேன்.
கேமராவுக்குத் தெரியாது.
வெல்கோவிடம் நான் சொல்லவில்லை.

ஸ்லாதிபோர் மலையில் பனி போதவில்லை,
காகிதக் கூழைத் தூவினார்கள்.
துணை நடிகர்கள் எல்லாம் மாணவர்கள்,
தினக்கூலியும் பீன்ஸ் சூப்பும்.
நாலாம் வரிசைப் பையன் போக்தான்
என்னைப் பார்த்துக் கத்தினான்:
உங்கள் தையல் படுமோசம் அக்கா,
என் போன் உள்ளே போய்விட்டது!
அதற்குள் யாரோ ஆக்‌ஷன் என்றார்கள்.

எல்லாரும் துயரத்தோடு நடந்தார்கள்.
கதாநாயகன் வானத்தைப் பார்த்தான்,
பனி சொன்னபடி வந்து அவன் இமையில் உட்கார்ந்தது.
அவனுக்குப் பின்னால் போக்தான்,
வாய் கொஞ்சம் திறந்து,
எதையும் பார்க்காமல்,
கோட்டுக்குள் கையை விட்டுத்
துழாவிக்கொண்டே நடந்தான்.

வெளியீட்டு நாளில் தம்பியைக் கூட்டிப் போனேன்.
இஸ்திரி போட்ட சட்டை. பாப்கார்ன் வேண்டாம் என்றான்.
பீரங்கிகள் தொடங்கியதும்
இருக்கைகள் அதிர்ந்தன,
முன்வரிசைப் பெண் காதைப் பொத்திக்கொண்டாள்.
ராதோவன் என் தோளில் சாய்ந்து
தூங்கிப்போனான்.
மாத்திரைக்கும் பிராந்திக்கும்
முப்பது வருடமாக மசியாத தூக்கம்.

திரையின் ஓரத்தில் போக்தான் வந்தான்.
நான்கு விநாடி.
ஐந்து என்றே வைத்துக்கொள்ளுங்கள்.
எழுப்பிக் காட்டலாமென்று கையைத் தூக்கினேன்,
மறுபடி மடியில் வைத்துக்கொண்டேன்.

பிறகு பீரங்கி ஓய்ந்தது.
ஒரு வயலின்கூட இல்லாத மௌனம்,
பேட்டிகளில் எல்லாம் வெல்கோ
பெருமையாகச் சொன்ன மௌனம்.

ராதோவன் திடுக்கிட்டு விழித்தான்.
மூச்சைப் பிடித்தபடி
என் மணிக்கட்டை இறுக்கி,

"நிறுத்திவிட்டார்கள்," என்றான்.
"குனி."